ஆனந்தபைரவியில் ஒரு வசைச்சொல்

அடையாறு சிக்னலில் ஒரு ஆட்டோவை லேசாக உரசிவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் நகர்ந்து பாருங்கள். பின்னாலிருந்து வரும் முதல் நான்கு சொற்களுக்குள் ‘பொறம்போக்கு’ இருக்கும். உருப்படாதவன், வீட்டுக்கும் ஊருக்கும் உதவாதவன் என்று நீட்டி முழக்க வேண்டியதையெல்லாம் அந்த ஒற்றைச் சொல் முடித்துக்கொடுத்துவிடும்.

அதே சொல்லை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அடங்கல் கணக்கைப் புரட்டி, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று வரிசையாகக் காட்டுவார். யார் பேரிலும் பட்டா கிடையாது, தீர்வை கிடையாது. ஊருக்கே பொதுவாக விட்ட நிலம். தண்ணீர் தேங்க, மாடு மேய, நெல் அடிக்க, பிணம் எரிக்க என்று ஓர் ஊருக்கு வேண்டிய அத்தனை காரியமும் அங்கேதான் நடந்தது. வரி வராத நிலம், கணக்கு எழுதியவன் கண்ணுக்கு ஒன்றுக்கும் ஆகாத நிலமாகத் தெரிந்தது. பிறகு அந்தப் பார்வை நிலத்திலிருந்து மனிதனுக்கும் தாவிவிட்டது.

இந்தச் சொல்லை எடுத்து, 2017 ஜனவரி 14, பொங்கலன்று, ஒரு கர்நாடக சங்கீத வித்வான் ஆனந்தபைரவியில் பாடினார். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். படமாக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். பின்னால் நின்று இழுத்துக்கட்டியவர் சூழலியல் எழுத்தாளரும் போராளியுமான நித்யானந்த் ஜெயராமன். ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ என்று பெயர். அது வட சென்னையின் எண்ணூரில் படமானது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் கருவை எண்ணூரில் தேடினால் கிடைக்காது. ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில்தான் கிடைக்கும் என்பது என் கட்சி.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச்சின்னத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் சுண்டல், பஜ்ஜிக் கடைகள் குறைந்து ஃபைபர் படகுகள் வரிசைகட்டும். வலையைப் பரப்பி உட்கார்ந்து பொத்தல் அடைப்பவர்கள், மீன் கூடையோடு பெண்கள், கருவாட்டு வாசம். ஊரூர் குப்பம், ஒல்காட் குப்பம் என்று இரண்டு ஊர். சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. இன்னும் வடக்கே போனால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரமும், இடிந்துபோய் நிற்கும் அந்தப் பழைய பாலமும். மேற்கே சுவருக்கு அந்தப்புறம் தியசாபிகல் சொசைட்டியின் பெருந்தோப்பு. 1882-ல் அடையாற்றுக்கு வந்து இடம் வாங்கிய கர்னல் ஒல்காட்டின் பெயர்தான் குப்பத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 1894-ல் தலித் பிள்ளைகளுக்காக அவர் இலவசப் பள்ளி தொடங்கியவர் என்பதால் அந்தப் பெயர் அங்கே இருப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

அந்தச் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். பொறம்போக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

1935 டிசம்பரில் இதே தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில்தான் ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையேறி ஆடினார். அடுத்த வருடமே கலாக்ஷேத்ரா பிறந்தது. தேவதாசிகள் ஆடிய சதிர் பரதநாட்டியமாக உடை மாற்றிக்கொண்ட காலம். அதுவரை ஆடுபவளுக்குப் பின்னாலேயே நடந்து வாசித்த சின்னமேளக்காரர்கள் மேடையின் ஓரத்தில் பாய்போட்டு உட்கார வைக்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது கிளாரினெட். ராணுவ பாண்டு வழியாக நம் ஊருக்கு வந்த மேல்நாட்டுக் குழல் அது. தஞ்சாவூரில் மகாதேவ நட்டுவனார் முகவீணைக்குப் பதிலாக அதைச் சதிருக்குள் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். பித்தான்களை அமுக்கி நறுக்கென்று ஸ்வரம் எடுக்கச் செய்த கருவியிடம் கமகத்தை வாங்கியது நம் ஆட்களின் சாமர்த்தியம். புது மேடையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது. பாலசரஸ்வதியின் நாட்டியக் குழுவிலோ ராதாகிருஷ்ண நாயுடுவின் கிளாரினெட் ஒலித்துக்கொண்டிருந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் தனிக் கச்சேரிக்கு அதைத் தூக்கி நிறுத்தி, ராஜரத்தினம் பிள்ளை வாயால் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ பட்டமும் வாங்கினார். மற்றபடி அந்தக் குழல் கல்யாண பாண்டுக்கும் சாவு ஊர்வலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சபாவுக்கு அது புறம்போக்கு.

இது நமக்கு மட்டும் நடந்த கூத்தில்லை. அமெரிக்க ஜாஸில் பென்னி குட்மன் காலத்தில் கிளாரினெட்தான் ராஜா. நாற்பதுகளுக்குப் பிறகு சாக்ஸபோன் வந்து அதை ஓரங்கட்டியது. அதே ஜாஸுக்குள் வந்த ஹாமண்ட் ஆர்கன் கதை வேறு. கடிகாரம் செய்துகொண்டிருந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சாரப் பெட்டி. உள்ளே பல்வைத்த சக்கரங்கள் காந்தத்தின் அருகே சுற்றும், அதில் நாதம் பிறக்கும். பெரிய குழாய் ஆர்கன் வாங்க வக்கில்லாத சர்ச்சுகள் வாங்கிப்போட்டன. ஜிம்மி ஸ்மித் ஐம்பதுகளில் அதை ஜாஸ் மேடைக்கு இழுத்துவந்தார். இந்த இரண்டையும் ஒரே ஆல்பத்தில் உட்கார வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு மூச்சு வேண்டும், மற்றது மூச்சே விடாது. கிளாரினெட் ஆர்கனைப் போல நீட்டிப் பாசாங்கு செய்தாலும், ஆர்கன் குழைந்து குழலாகப் பார்த்தாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதது அதன் குணத்தோடு நின்றால்தான் கேட்க முடிகிறது.

குப்பத்தில் நடந்தது இந்த வகைச் சேர்க்கைதான்.

கிருஷ்ணா அப்போது சபா உலகத்தோடு வாக்குவாதத்தில் இருந்தார். கர்நாடக சங்கீதத்துக்குள் இருக்கும் சாதியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார், பேசினார். 2015-ல் இனி டிசம்பர் சீசனில் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கேன்டீன் வெங்காய ரவா தோசையோடு சேர்த்து அதையும் மென்றார்கள். நித்யானந்த் ஜெயராமனுக்குக் குப்பம் வேறு வழியில் பழக்கம். கடற்கரையை ஒட்டித் தூண்மேல் விரைவுச் சாலை போடுகிறோம் என்று அரசு கிளம்பியபோது மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஊரூர் குப்பத்து கே. சரவணன் போன்ற இளைஞர்கள் கடற்கரையை அளந்து, வலை காயப்போடும் இடம் எது, படகு ஏற்றும் இடம் எது என்று வரைபடமாக்கினார்கள். சர்க்காரின் கணக்கில் வெறும் மணல். ஊர்க்காரர் கணக்கில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு வேலை. பொறம்போக்கு என்ற சொல்லின் நல்ல அர்த்தம் அங்கே பேசாமல் கிடந்தது.

இவர்களெல்லாம் சேர்ந்து 2015-ன் தொடக்கத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவை நடத்தினார்கள். டிக்கெட் இல்லை, முன்வரிசை சோபா இல்லை. பறையாட்டம், வில்லுப்பாட்டு, பரதம், கர்நாடக சங்கீதம் எல்லாம் ஒரே மேடையில், அடுத்தடுத்து. பின்வந்த வருடங்களில் கூத்தும் சேர்ந்தது.

திட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ‘குப்பத்துக்காரங்களுக்குக் கச்சேரி எதுக்கு?’ என்று ஒரு பக்கம். ‘மேல்சாதிக்காரர் ஏழைகளுக்குப் பண்பாடு கற்றுத்தர வந்துவிட்டாரா?’ என்று மறுபக்கம். முதல் கேள்வியை ஒதுக்கிவிடலாம். இரண்டாவது கேள்வியில் விஷயம் இருக்கிறது. மீனவர்களுக்குப் பாட்டு புதிதில்லை. வலை இழுக்கவும் கட்டுமரம் தள்ளவும் அம்பாப் பாட்டு பாடிய சமூகம். மோட்டார் வந்து அந்தப் பாட்டை மெல்ல விழுங்கியது. அவர்கள் கச்சேரிக்காக ஏங்கிக் கிடக்கவில்லை. விழா நடத்தியவர்களும், ‘நாங்கள் இங்கே கலையைக் கொண்டுவரவில்லை, இங்கே வராதவர்களைக் கொண்டுவருகிறோம்’ என்ற பொருளில்தான் பதில் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் முக்கால்வாசி சரியாகப் படுகிறது. பெசன்ட் நகரில் இருபது வருடம் குடியிருந்தும் குப்பத்துத் தெருவில் கால் வைக்காதவர்கள் அன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். கலை யாருக்குப் போதவில்லை என்பது அங்கே கொஞ்சம் தெளிவாயிற்று. மீதிக் கால்வாசி? விழாவைப் பற்றி வெளியே எழுதியவர்களில் பலர் கிருஷ்ணா பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். பந்தல் போட்டவன், வீட்டுத் திண்ணையைக் கொடுத்தவள் பெயரெல்லாம் செய்தியில் ஏறவில்லை.

எப்படியோ, ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. பறையும் மிருதங்கமும் ஒரே மைக்கைப் பகிர்ந்துகொண்டால் வானம் இடிந்து விழாது என்பதை எல்லோரும் நேரில் பார்த்தாயிற்று. அந்தப் பழக்கம் இல்லாமல் ‘பொறம்போக்கு’ ராகத்துக்குள் வந்திருக்காது.

இன்னொரு விதையும் உண்டு. 2015 ஜூலைக் கடைசியில் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாட்டு வந்தது. சோஃபியா அஷ்ரஃப் பாடியது; ரதீந்திரன் எடுத்தது; பின்னணியில் நித்யானந்தும் தோழர்களும். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பற்றியது. நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டில் சென்னைப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் விளாசிய அந்த வீடியோ உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களின் பதினைந்து வருடப் போராட்டம்தான் அதற்குக் காரணம். பாட்டு கடைசித் தள்ளு கொடுத்தது. ஆனால் ஒரு பாட்டு தள்ள முடியும் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்துவிட்டது.

நடுவே 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு வீட்டுக்குள் வந்தது. ஏரியை மறித்துக் கட்டிய வீடுகளிலும் சதுப்பில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களிலும் தண்ணீர் தன் பழைய பட்டாவைக் காட்டியது. ‘பொறம்போக்கு நிலம்’ என்றால் என்ன என்று அபார்ட்மென்ட்காரர்கள் முதல்முறையாகக் கூகுளில் தேடிய மாதம் அது.

கொடைக்கானலுக்கு அடுத்து அந்தக் குழு எடுத்தது எண்ணூர். ராப் வேண்டாம், கர்நாடக சங்கீதம். அதிலும் சென்னைத் தமிழ்.

இந்த ஜோடி எவ்வளவு கோளாறானது என்று புரிய வேண்டுமானால் எண்பது வருடம் பின்னால் போக வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில் பாடுங்கள் என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதித் தீர்த்தார், 1943-ல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அப்போது கேட்டதும் தேவாரத் தமிழ், பாரதி தமிழ். அதற்கே தெலுங்குக் கீர்த்தனைக்கு முன்னால் துக்கடா இடம்தான் பல காலம் கிடைத்தது. ஐஸ் ஹவுஸிலும் காசிமேட்டிலும் பேசும் தமிழை வித்வான் வாயில் வைப்பதை அந்த இயக்கத்துப் பெரியவர்களே ஒப்பியிருப்பார்களா என்பது சந்தேகம்.

கபேர் வாசுகி சுயாதீனப் பாடகர், தானே எழுதித் தானே பாடுகிறவர். அவர் பாட்டில் அலங்காரம் தேடாதீர்கள். பொதுநிலம் தனியொருவருக்குச் சொந்தமில்லை, ஊருக்கும் மண்ணுக்கும் சொந்தம் என்று தொடங்கி, எண்ணூரில் துறைமுகம் வந்ததையும் மின்நிலையம் வந்ததையும் தெருமுனைப் பேச்சாகச் சொல்லி, எண்ணூரை முடித்தபின் உன் வீட்டுக்கும் வருவார்கள் என்று எச்சரிப்பதுதான் சாரம்.

ஸ்ரீராம்குமார் இதற்கு நேர் எதிர்க் கோடியிலிருந்து வருபவர். வயலின் வித்வான், தீட்சிதர் கிருதிகளில் ஊறியவர், பாடாந்தர சுத்தத்தில் சமரசமில்லாதவர் என்று பெயர் வாங்கியவர். அவரிடம் இந்த வரிகள் போனபோது, கொஞ்சம் கிராமிய மெட்டு, கொஞ்சம் சினிமாச் சாயல் என்று இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ஆறு ராகங்களில் முறையான ராகமாலிகை போட்டார். சாலகபைரவி சபாவிலேயே அபூர்வமாகத்தான் தலைகாட்டும். ஆனந்தபைரவியில் தொடங்கியதும் விவரமான காரியம். சியாமா சாஸ்திரி உருகிப் போட்ட ராகம். கூடவே நம் பாட்டிகள் தாலாட்டுக்கும் நலங்குக்கும் பாடிய ராகம். வித்வானும் குப்பத்துக் கிழவியும் சந்திக்க அதைவிட நல்ல திண்ணை கிடையாது.

பொறம்போக்கு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு குட்டையான அடி, நடுவில் ‘போ’ என்று ஒரு நெடில், உடனே ‘க்கு’ என்று ஒரு வெட்டு. ஆட்டோக்காரர் அந்த வெட்டில் அழுத்துவார். பாடகர் அந்த நெடிலில் தங்குவார். சொல் அதேதான், அழுத்தம் இடம் மாறுகிறது. வசை கழன்று, எதையோ தொலைத்த ஏக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கிருஷ்ணாவும் ‘புறம்போக்கு’ என்று திருத்திப் பாடவில்லை. திருத்தியிருந்தால் பாட்டு அங்கேயே செத்திருக்கும். கபேர் வரியைச் சங்கீதத்துக்காகக் குளிப்பாட்டவில்லை, ஸ்ரீராம்குமார் ராகத்தைத் தெருவுக்காகக் கிழிக்கவில்லை. கிளாரினெட் கிளாரினெட்டாக, ஆர்கன் ஆர்கனாக.

படப்பிடிப்பு எண்ணூரில். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகம். ஒருபுறம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபுறம் சாம்பல் கரைந்த தண்ணீர். வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகிக் கழிமுகத்தின் அடியே சாம்பல் படிந்துகிடக்கிறது. இருளர் பெண்கள் பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் எடுத்த இடம் அது. கைக்கு இறாலுக்குப் பதில் சாம்பல் வந்தது. அங்கே ஜமக்காளம் விரித்து, வயலின், மிருதங்கத்தோடு கச்சேரி உட்கார்ந்தது. கிருஷ்ணா முகமூடி அணிந்து நிற்கும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்பு அது வேடிக்கையாகத் தெரிந்தது.

பாட்டு வந்த நேரம் விசித்திரமான நேரம். மூன்று நாளில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக் கூட்டம் கூடியது. ஜனவரி 23-ல் கூட்டத்தைக் கலைத்தபோது நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணூர்க் கரையில் எண்ணெய் ஒதுங்கியது. அதை வாளியில் அள்ளினார்கள். பாட்டு சொன்னதையே அந்த மாதம் காட்சியாகவும் காட்டிக்கொடுத்தது. அக்டோபரில் கமல்ஹாசன் விடியற்காலையில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து பார்த்தார். செய்தித்தாள்களில் எண்ணூருக்கு அடிக்கடி இடம் கிடைக்கத் தொடங்கியது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சபா ரசிகர்களில் ஒரு பகுதி கோபித்துக்கொண்டது, இன்னொரு பகுதி முதல்முறையாக எண்ணூரை வரைபடத்தில் தேடியது. கல்லூரி மேடைகளில் பாட்டை மாணவர்கள் பாடினார்கள். சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பிவந்தது. இயக்குநர் எஸ்.பி. ஜனநாதன் 2015-லேயே ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ என்று படத்துக்குப் பெயர் வைத்து அதே வேலையைத் தொடங்கியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலத்துக்கு மரியாதை திரும்பியதா என்றால், இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி அதே கழிமுகத்தில் படகும் வலையும் கருத்துப்போயின. குழாயில் ஒழுகும் சாம்பலை ராகம் அடைக்காது. கொடைக்கானல் பாட்டுக்குக் கிடைத்ததுபோல ஒரு தேதி போட்ட வெற்றி இந்தப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் பாட்டாக இது நிற்கும் என்று நினைக்கிறேன். பிரச்சாரப் பாட்டுகளுக்குப் பொதுவாக ஆயுள் குறைவு. பிரச்சினை பழசானதும் பாட்டும் பழசாகிவிடும். இதில் அந்தத் தேவகாந்தாரி இருக்கிறதே, எண்ணூரை அறியாதவனையும் ஒரு நிமிடம் உட்கார வைக்கும். உட்கார்ந்தவன் சாம்பலைப் பற்றியும் கேட்டுக்கொள்வான்.

ஏற்கெனவே கேட்டவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரூர் குப்பத்தில் மீன் வந்து இறங்குவதைப் பாருங்கள். பிறகு திருவான்மியூரில் பறக்கும் ரயில் பிடித்துப் பீச் ஸ்டேஷன் போய், கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுங்கள். வலதுபக்க ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் வண்டி ஒரு பாலத்தின்மேல் போகும். கீழே தெரியும் தண்ணீர்தான் பாட்டில் வரும் பொறம்போக்கு.